முதலில் வானம், அப்புறம் மலை

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப, மதுரைப் பக்கம் எந்த மலை நல்லது?
– வாசகி, திருவாதவூர்

பதில்: மலைக்கு முன்னால் வானத்தைத் தேர்ந்தெடுங்கள்! மேல்நாட்டில் இந்த மாதங்களில் இலை உதிரும். நமக்கு மழை உதிரும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த பாறையில் பாசி வழுக்கும். இடி இடித்தால் மொட்டை உச்சியில் ஒதுங்க இடமில்லை. ஆகவே, மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு, விடிந்ததும் கிளம்புங்கள்.

உங்களுக்கு என் முதல் சிபாரிசு, மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மழைக்குப் பின் சுனைகள் நிறைந்திருக்கும். அண்ணாந்தால் வல்லூறு வட்டமிடும். சமணர் படுக்கை, தமிழி எழுத்து, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் ஒரே நடையில் பார்த்துவிடலாம். இந்த வட்டாரத்துக்கு வந்த டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை, ஊர் ஊராக மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தார்கள். அப்படிக் காத்த மண்ணில் ஒரு பிளாஸ்டிக் உறைகூடப் போட்டுவிட்டு வராதீர்கள்.

நிழல் வேண்டுமென்றால் அழகர்மலை. கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுரகங்கை வரை சாலையிலேயே நடக்கலாம். காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி அவசியம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மாண்ட மலையேற்றக்காரர்களை மறக்க முடியுமா? பழப்பையை மட்டும் கையில் தொங்கவிடாதீர்கள். அழகர்மலைக் குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை!