ஐம்பது ரூபாய்ப் பாசம்

லோத்குண்டாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சிக்கனத்தில் மேதை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவேதான் டிரைவரும், சம்பளம் ஒன்றே. காலையில் ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் கார் சாவி, எதிரே ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலை நெரிசல். ஓனர் ஓட்டினால் அவருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. அவரோ ஸ்டியரிங்கைத் தொட்டே நாளாயிற்று. சம்பள டிரைவருக்கான காப்பீட்டுக்குக் கூடுதல் பிரீமியம் வருஷத்துக்கு 50 ரூபாய். கட்டிவிடலாமே என்றேன். மனிதர் நெகிழ்ந்துவிட்டார்.

“அவங்களைப் போய் டிரைவர்னு சொல்லலாமா சார்? எங்க குடும்பத்துல ஒருத்தர்!”

எனக்கே கண் கலங்கியது. சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த ஆயா தலையை நீட்டினார்.

“அப்போ அந்த 15 லட்சத்துக்கு நாமினியா என் பேரைப் போடுங்க சார்.”

சாயங்காலத்துக்குள் ஆயா டிரைவராகிவிட்டார். 50 ரூபாய் கட்டியாயிற்று.