டபரா பதில்கள்

காபி, டீ பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன மாதம் இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டேன். நெய்வேலியில் இருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம். நிலக்கரிக் கருப்பை நம்பிப் பிழைக்கிற ஊர், காபிக் கருப்பைப் பற்றிக் கேட்காமல் இருக்குமா? இந்த மாதம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: ஃபில்டரில் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது. தட்டிப் பார்த்தேன், உலுக்கிப் பார்த்தேன். ஷிப்டுக்கு நேரமாகிறது, என்ன செய்வது?
— சுரங்கத்தில் பம்ப் பிரிவு ஊழியர், வட்டம் 11

தண்ணீரை மேலே ஏற்றுவதையே தொழிலாகக் கொண்டவர், தண்ணீர் கீழே இறங்கவில்லை என்று எழுதுகிறார். இந்தப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி வந்ததே இல்லை!

உங்கள் சுரங்கத்தையே ஒரு ஃபில்டராக நினைத்துப் பாருங்கள். மேலே மண்ணும் மணற்கல்லும். அதன்கீழ் பழுப்பு நிலக்கரி, ஒரு படுகைப் பொடி. அதற்கும் கீழே தண்ணீர். அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கவில்லை, ஆர்ட்டீசியன் ஊற்றாக மேல்நோக்கி முட்டுகிறது. நீங்கள் இரவு பகல் பாராமல் இறைத்து அழுத்தத்தைக் குறைப்பதால்தான் சுரங்கத்தின் தரை பிய்த்துக்கொள்ளாமல் நிற்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கருப்பாய் ஒன்று வந்ததே, நெய்வேலி இறக்கிய முதல் டிகாஷன் அது! 1956இல் நிலக்கரி நிறுவனம் பிறந்ததும், 1957இல் நேரு வந்து வெட்டு வேலையைத் தொடங்கிவைத்ததும் அதற்குப் பிறகு கலந்த பாலும் சர்க்கரையும்.

வீட்டு ஃபில்டரிலும் அழுத்தம்தான் வில்லன். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் அடியில் இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை, சொட்டு நின்றுவிடும். மேல் பாத்திரத்தை நூலளவு தூக்கித் திரும்ப வையுங்கள். "டொக்" என்று ஒரு சத்தம், அடுத்த நொடி சொட்ட ஆரம்பிக்கும். அப்படியும் இறங்காவிட்டால் பொடியை மாவாக அரைத்துக் கொடுத்துவிட்டார்கள், அல்லது குடையைப் போட்டு மண்வெட்டிக் கையால் அழுத்தியிருக்கிறீர்கள். குடை பொடியின் மேல் உட்கார்ந்தால் போதும், அமுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மேல் பாத்திரத்தைக் காலி செய்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். துளைகள் நட்சத்திரம் மாதிரி மின்ன வேண்டும். அங்கங்கே இருட்டாக இருந்தால் பழைய பொடியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருக்கிறது. அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் அரை நிமிடம் காட்டுங்கள். பொடி கருகி உதிரும், ஆறியபின் தேய்த்துக் கழுவினால் புது ஃபில்டர். இது எவர்சில்வருக்கு மட்டும். ஈயம் பூசிய பித்தளையைத் தீயில் காட்டினால் ஈயம் உருகிவிடும். அதற்குக் கொதிநீரில் ஊறவைத்து ஊசியால் குத்தி எடுப்பதுதான் வழி.

கேள்வி: காபியா, டீயா?
— கல்லூரி மாணவர், மந்தாரக்குப்பம்

காலையில் காபி, மாலை நாலு மணிக்கு டீ, இடைப்பட்ட நேரத்தில் போன வீட்டில் எது கொடுக்கிறார்களோ அது.

கேள்வி: இன்ஸ்டன்ட் காபி பற்றி?
— அதே மாணவர்

ரயிலைப் பிடிக்கிற அன்றைக்கு.

கேள்வி: சிக்கரி கலப்பது கலப்படம் என்று என் நாத்தனார் சொல்கிறார். உண்மையா?
— இல்லத்தரசி, வட்டம் 24

சொல்லாமல் கலந்தால் கலப்படம், சொல்லிக் கலந்தால் ருசி. சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கமும், உத்தரப் பிரதேசத்தில் ஏட்டாப் பக்கமும் விளைகிறது. வறுத்து அரைத்தால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கும், காபியின் காஃபீன் அதில் துளியும் கிடையாது. 1806இல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தைத் தடுத்தபோது ஐரோப்பாவில் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது இந்த வேர் வீட்டுக்கு வீடு புகுந்தது. உங்கள் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் சக்கரவாளி எந்திரத்தைப் போலவே சிக்கரிப் பழக்கமும் ஐரோப்பாவில் இருந்து வந்ததுதான்.

நம் நாட்டுச் சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே 49 வரைக்கும் வேரே இருக்கலாம்! பாக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எத்தனை பங்கு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். என் தீர்ப்பு 80-க்கு 20. சிக்கரியே கூடாது என்கிற நாத்தனாருக்குத் தனியாக ஒரு சின்ன ஃபில்டர் வைத்துவிடுங்கள், வீட்டில் அமைதி நிலவும்.

இன்னொன்று, இதை நான் எல்லா மாதமும் சொல்கிறேன், இந்த மாதமும் சொல்லியே தீருவேன்: நூறு நூறு கிராமாக வாங்குங்கள். அரைத்த நாளில் இருந்து காபிப்பொடியின் வாசம் கழன்றுகொண்டே இருக்கிறது. மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கிலோ வாங்கி வைத்தால் மூன்றாம் வாரம் குடிப்பது வெறும் நிறம்.

கேள்வி: டிகிரி காபியில் என்ன டிகிரி?
— ஆசிரியர், வடக்குத்து

ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாலின் அடர்த்தியைக் கருவி வைத்து அளந்த 'டிகிரி'தான் பெயருக்கு வந்தது என்ற கதைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பாதி காபி பால்தான். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. காபிக்குப் பச்சை. நீலத்தில் தண்ணீரும் ஊற்றுகிறவர்கள் டிகிரியைப் பற்றிப் பேசக் கூடாது.

கேள்வி: மீந்த காபியைச் சுட வைத்துக் குடிக்கலாமா?
— வட்டம் 7

கூடாது.

கேள்வி: வெல்லம் போட்டால் பால் திரிகிறது, இஞ்சி போட்டாலும் திரிகிறது. சாபமா?
— புதுமணப்பெண், வட்டம் 19

சாபமில்லை அம்மா, வரிசை தப்பியிருக்கிறது. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கிற நொதி ஒன்று இருக்கிறது. இஞ்சியை நசுக்கித் தண்ணீரில் முதலில் கொதிக்கவிட்டால் அது செயலிழந்துவிடும், பிறகு பாலை ஊற்றுங்கள். வெல்லத்துக்கு நேர் எதிர். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, கொதிப்பு அடங்கிய பின்தான் போட வேண்டும். இஞ்சி முதலில், வெல்லம் கடைசியில்.

கேள்வி: வீட்டில் எவ்வளவு தூள் போட்டாலும் பஸ் ஸ்டாண்ட் கடை டீ வருவதில்லையே, ஏன்?
— இரவு ஷிப்ட் ஊழியர், வட்டம் 16

நாள் முழுக்க அடுப்பில் இருந்து சுண்டிய பால் அவரிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. துணிப் பையில் இறங்கிய கெட்டிச் சாயம் தனியே இருக்கிறது. பிறகு அந்தக் கை: ஒரு முழ உயரத்தில் இருந்து ஆற்றும்போது டீக்குள் காற்று புகுந்து நுரையாகிறது.

முன்பெல்லாம் கடை அடுப்பில் உங்கள் ஊர் லெக்கோவும் இருந்தது. இளையவர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை உலர்த்தி, கட்டியாக அழுத்தி, காற்றுப்படாமல் சுட்டு, தாரையும் வாயுவையும் பிரித்தெடுத்தால் மிஞ்சுகிற கட்டிதான் லெக்கோ. புகையில்லாமல் கனன்று நிற்கும். தமிழ்நாட்டில் எத்தனையோ டீக்கடை அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் நெய்வேலித் தணலில் சூடேறியவை. ஊர்ஊராக டீ போட்ட ஊர் உங்களுடையது, அதை மறக்காதீர்கள்!

வீட்டில் செய்ய: இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தலை தட்டி இரண்டு ஸ்பூன் டஸ்ட். தண்ணீர் தளதளவென்று கொதித்த பின்தான் தூள். இரண்டே நிமிடம். அதற்குமேல் கொதித்தால் துவர்ப்பு ஏறும். ஒரு டம்ளர் பாலை ஊற்றி, ஒருமுறை பொங்கவிட்டுத் தணித்து, இன்னொரு முறை பொங்கியதும் இறக்குங்கள். பிறகு ஆற்றுங்கள், கை வலிக்க ஆற்றுங்கள்.

தூள் நீலகிரித் தூளாக இருக்கட்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த நம் மக்களை, 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்பேரில் கப்பலேற்றி அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. அந்தப் பாக்கெட்டை நான் வேறு எதற்காகவும் மாற்றமாட்டேன்.

கேள்வி: சாப்பிட்டவுடன் காபி குடித்தால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது. சரிதானே?
— செவிலியர், வட்டம் 2

சரியில்லை. காபியும் டீயும் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். உங்களுக்குத் தெரியாததா? ஒரு மணி நேரம் பொறுங்கள். ரத்தசோகை உள்ளவர்களிடம் நீங்களும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: முப்பத்தைந்து வருடம் ஷிப்ட் பார்த்தேன். எந்த ஷிப்டானாலும் கிளம்பும்போது டம்ளர் தயாராக இருக்கும், எப்படி வருகிறது என்று பார்த்ததே இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே வந்த மறு வருடம் மனைவி போய்விட்டாள். ஒருவருக்கு மட்டும் காபி போடுவது எப்படி?
— ஓய்வுபெற்றவர், இந்திரா நகர்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

அந்த ஃபில்டர் வீட்டில் எங்காவது இருக்கும், அதையே எடுங்கள். மேல் பாத்திரத்தில் குவித்து இரண்டு ஸ்பூன் பொடி. தட்டிச் சமமாக்கி, குடையை மெதுவாக வையுங்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அணைத்து, அரை நிமிடம் விடுங்கள். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம். பொடி உப்பும், வாசம் வரும். அப்புறம் அரை டம்ளர் தண்ணீரை வட்டமாகச் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். கால் மணி, இருபது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பாலைக் காய்ச்சுங்கள். டிகாஷனை அடுப்பில் வைக்காதீர்கள், பாலின் சூடு போதும். டிகாஷன் ஒரு பங்கு, பால் இரண்டு பங்கு, சர்க்கரை உங்கள் இஷ்டம். டபராவில் இரண்டு தடவை ஆற்றுங்கள்.

அதிகாலை ஷிப்ட் நாட்களில் உங்கள் வீட்டம்மா இரவே டிகாஷன் இறக்கி வைத்திருப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம், மூடி வைத்தால் காலை வரை நன்றாகவே இருக்கும்.

அளவு ஒருவருக்குச் சொன்னேன். ஆனால் சின்ன ஃபில்டரும் இரண்டு டம்ளருக்கு இறக்கும். உங்களோடு ஷிப்ட் பார்த்தவர் யாராவது பக்கத்துத் தெருவில் இருப்பார். காலையில் கூப்பிடுங்கள். முதல் நாள் எப்படி இறங்கியது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.