ஏரிக்கரையில் ஓர் ஏக்கர்

நண்பருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. சென்னைப் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் வேண்டும். ஆகவே சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கரையில் பண்ணை தேடுகிறார். நல்ல காற்றாம்! தெற்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை இயற்கைக் காட்சியில் சேர்த்துவிட்டார் போலும். கீரை போடலாமென்றால் ஏரித் தண்ணீர் உப்பு. அதில் செழிப்பது இறால் பண்ணைதான். அதையும் ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் அமைக்கக் கூடாதென்று, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2005-இல் அத்தகைய பண்ணைகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது, அது வேறு கதை.

இங்கே மீனவர்கள் வலை போடவே ‘பாடு’ முறைப்படி தங்கள் முறை வரக் காத்திருக்கிறார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் அந்தப் பிழைப்பும் போச்சு. ஐயா, முன்பணம் கொடுக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.