பெயர்மனை இயல்

மாணாக்க, கேள். காரைக்குடியைச் சூழ்ந்த நாட்டில் மனைகள் நிலைமனை, பெயர்மனை என இருவகைப்படும். நிலைமனை எளிது, விடுக. பெயர்மனை மூன்று.

முதலாவது தோள்மனை. ஆட்டுக்கிடை போடும் கீதாரியின் கூண்டு இதற்குக் காட்டு. அறுவடையான வயலில் இரவு கிடை அமர்த்துவர், புழுக்கை உரமாகும், நிலத்துக்காரர் நெல்லோ காசோ அளப்பர். அவ்வயல் நிறைந்ததும் மனை அடுத்த வயலுக்குப் பெயரும். சிவகங்கை, இராமநாதபுரக் கீதாரிகள் தஞ்சைக் கழனிவரை வலசை போவதும் உண்டு. இதன் உட்பிரிவு இரண்டு: ஆள் முடங்குவது கூண்டு, குட்டிகளைக் கவிழ்த்து மூடுவது கொடாப்பு. இருளில் ஐயம் எழின் செவியால் தெளிக. உள்ளிருப்பவர் கத்தினால் கொடாப்பு, குறட்டை விட்டால் கூண்டு. நாய் இரண்டுக்கும் புறத்தே கிடத்தலின் இவ்வியலில் அடங்காது.

இரண்டாவது கால்மனை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூட்டம் இது. தங்கல்தோறும் ஓர் ஊர் முளைத்து, உண்டு, உறங்கி, விடியுமுன் எழுந்து போய்விடும். கூரை இல்லையே என்பாய். கூரை இன்றியமையாததன்று, அடுப்பே இன்றியமையாதது.

மூன்றாவது சிதர்மனை. இங்கே பலர் வழுக்குவர், ஊன்றிக் கேள். செட்டிநாட்டு வீட்டின் முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சையும் பருமாத் தேக்குத் தூணையும் கண்டு நிலைமனை என மயங்கற்க. அத்தூண் கப்பலேறிய அன்றே இம்மனை பெயரத் தொடங்கிற்று. இடையே மூன்று தலைமுறை நின்றது இளைப்பாறல். பங்காளிகள் உடன்படாது பூட்டியபின் அது மீண்டும் புறப்படும், உறுப்பு உறுப்பாக. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளே அதன் முதல் தங்கல். சில உறுப்புகள் கொச்சிவரை நடக்கும்.

எவ்வுறுப்பு முந்துகிறது என்பதால் இது நிலைமுந்தி, தூண்முந்தி, தூக்குச்சட்டிமுந்தி, படமுந்தி என நான்கு. படமுந்தியில் வீட்டைக் கட்டியவரே சட்டத்தோடு முதலில் வெளியேறுவார். விலை சட்டத்துக்கு, அவர் உடன்செல்வார்.

உறுப்பெல்லாம் ஒருங்கே பெயர்வது முழுப்பெயர்வு, அருகியே நிகழும். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்கிணச்சித்திரா அருங்காட்சியகத்தில் அவ்வாறு பெயர்த்து மீளக் கட்டிய செட்டிநாட்டு வணிகர் வீட்டைக் காண்க. (இடத்தின் பெயர் வடமொழி; பொறுத்துக்கொள்.)

பயிற்சி: திருப்பத்தூர்ச் சாலையில் ஒரே சரக்குந்தில் நிலைக்கதவும் கொடாப்பும் ஏறிச் செல்கின்றன. கொடாப்பு கத்துகிறது. மனை எவ்வகை? வரைக. ஊர்தியை லாரி என்று எழுதினால் மதிப்பெண் இல்லை.