கோவணம் ஒன்று, நூற்றிருபது ரூபாய்

பில்லில் மூன்றாவது வரியாக இருந்தது அது. முதல் வரி அப்யங்கம், அறுபது நிமிடம். இரண்டாவது ஸ்டீம் பாத். மூன்றாவது, 'டிஸ்போஸபிள் – 1 – ரூ.120'. ஜி.எஸ்.டி. தனி.

"என்னம்மா இது டிஸ்போஸபிள்?" என்று கேட்டேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உள்ளே தந்ததில்லே சார், அதுதான்" என்றாள்.

உள்ளே தந்தார்கள், வாஸ்தவம். கோவணம் தந்தார்கள்.

தேக்கடியில் மசாஜ் முடிந்து வராந்தாவில் உட்கார்ந்து குடித்த மூலிகை டீயைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். மலை, மழைத் தூறல், கையில் சூடான கோப்பை, இப்படி ஒரு கட்டுரை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் குளுகுளுவென்று இருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த மூன்றாவது வரி ஆறமாட்டேன் என்கிறது. அதைத் தீர்த்துவிட்டு டீக்கு வருகிறேன்.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்குத் தேக்கடி புதிதில்லை. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்துக்கு ஒரு கும்பிடு, மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களுக்கு ஒரு போட்டோ, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள், குமுளி. ஏறியதும் படகு, படகிலிருந்து யானை தெரிகிறதா என்று பார்த்து, காட்டுப்பன்றியோடு திருப்தியடைந்து, ஏலக்காய் வாங்கி, கடைசியில் மசாஜ். நீங்களும் இதே வரிசையில்தான் போயிருப்பீர்கள். நம்மில் யாருக்கும் உடம்பு வலி கிடையாது. ஏ.சி. காரில் உட்கார்ந்து, வழியில் மூன்று இடத்தில் சாப்பிட்டு, மலை ஏறின உடம்பு வலிக்க நியாயமும் இல்லை. ஆனால் திரும்பி வந்ததும் எதிர் வீட்டுக்காரர் "மசாஜ் பண்ணலையா?" என்று கேட்பார். மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு அம்மனைப் பார்க்காமல் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் படுக்கிறோம்.

என் மனைவி புத்திசாலி. "எனக்குக் காலுக்கு மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு, சுடிதாரைக் கணுக்காலுக்கு மேல் மடித்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு முழு உடம்பு. அதாவது கோவண வகுப்பு.

என்னை உள்ளே அழைத்துப்போன பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது கேரளத்து ஆயுர்வேத நிலையங்களில் முறை; அந்த மட்டில் நிம்மதி. மூலையில் குத்துவிளக்கு. எங்கிருந்தோ புல்லாங்குழல். நடுவில் எண்ணெய்த்தோணி என்று அவர்கள் சொல்லும் மரப் படுக்கை, சுற்றிலும் வரப்பு கட்டி, கால் மாட்டில் எண்ணெய் வடிய ஒரு துவாரம். "ரிலாக்ஸ் செய்யணும் சார்" என்றான் பையன். செய்யணும் என்று ஒருவர் உத்தரவு போட்ட பிறகு எந்த மனிதனால் ரிலாக்ஸ் செய்ய முடியும்? பேங்க் மேனேஜர் "உட்காருங்க" என்று சொன்னால்கூட எனக்கு வியர்க்கும்.

பிறகு அவன் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கிழித்து அதை எடுத்தான்.

காகிதமும் இல்லை, துணியும் இல்லை. ஆஸ்பத்திரியில் தலைக்கு மாட்டும் தொப்பி எதனால் செய்கிறார்களோ அதனால் செய்தது. வெளிர் நீலம். ஒரு சாண் அகலம், ஒரு முனையில் இரண்டு பக்கமும் நாடா. நாடாவும் அதே சரக்குதான், இழுத்தால் நீளும், இன்னும் இழுத்தால் கையோடு வரும். எது முன், எது பின் என்று பிரம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பையன் அதை இரண்டு விரலால் பிடித்து நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். அவன் போகவில்லை.

"நான் கட்டிக்கிறேன் தம்பி."

"நான் கெட்டித் தராம் சார்."

"இல்ல, நானே."

"எல்லாருக்கும் நான்தான் கெட்டுறது சார்."

இரண்டு வளர்ந்த ஆண்கள் குத்துவிளக்கின் முன்னால் ஒரு நீலப் பட்டைக்காக இப்படி உபசரித்துக்கொண்டிருப்பதை எங்கள் அப்பா பார்த்திருந்தால் சொத்தை வேறு யாருக்காவது எழுதியிருப்பார். கடைசியில் அவன் பார்வையைக் குத்துவிளக்குக்குத் திருப்பிக்கொண்டு கட்டினான். நான் என் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டு நின்றேன். நாடாவை முடிச்சுப் போடும்போது ஒரு கேள்வி கேட்டான்: "அரைஞாண் இல்லையா சார்?"

அந்தக் கேள்வியில் ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சியே இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் கோவணம் என்பது ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான். அதைத் தாங்குவது அரைஞாண் கயிறு. பிறந்த சில நாளில் இடுப்பில் ஏறுகிற கயிறு கடைசி வரைக்கும் இறங்காது. முன்னால் சொருகி, பின்னால் சொருகி, வயலில் இறங்கினால் அந்தி வரை அவிழாது. கமலை இறைத்தார்கள், பனை ஏறினார்கள், ஜல்லிக்கட்டில் காளையின் திமிலில் தொங்கினார்கள், கோவணம் நின்றது. நான் குத்துவிளக்கிலிருந்து மரப் படுக்கை வரை நான்கு எட்டு நடந்தேன், நாடா அறுந்தது. பையன் அலட்டிக்கொள்ளாமல் இரண்டாவது உறையைக் கிழித்தான். அந்த இரண்டாவதற்குப் பில் போடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கோவணத்தை நான் மட்டமாக நினைக்கிறவன் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்தவன் எப்படி நினைக்க முடியும்? பழனி ஆண்டவர் ராஜ அலங்காரத்தில் ஜொலித்தாலும் ஆண்டிக் கோலத்தைப் பார்க்க நிற்கிற கூட்டம் குறைவதில்லை. திருவண்ணாமலையில் ரமணர் வாழ்நாளெல்லாம் ஒரு கௌபீனத்தோடு இருந்தார்; கோட்டும் சூட்டும் போட்ட வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். ஆதிசங்கரர் பெயரில் 'கௌபீன பஞ்சகம்' என்று தனியாக ஒரு பாட்டே வழங்குகிறது. எங்கள் மதுரை மேலமாசி வீதியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு இடுப்புத் துண்டுக்கு மாறினார். அந்த வீதியில் நான் எத்தனையோ தரம் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். இத்தனை பெரிய பரம்பரை உள்ள ஓர் ஆடையை டிஸ்போஸபிள் என்று பில்லில் எழுத எப்படி மனசு வந்தது?

விலை வைத்ததாவது புதிது என்று சொல்ல முடியுமா என்றால், அதுவும் இல்லை. அதற்கும் பெரிய புராணத்தில் முன்மாதிரி இருக்கிறது. அமர்நீதி நாயனார் பழையாறையில் துணி வியாபாரம் செய்தவர். நல்லூரில் மடம் கட்டி, வருகிற அடியார்களுக்குச் சாப்பாடும் போட்டுக் கோவணமும் கொடுத்துக்கொண்டிருந்தார். கவனியுங்கள், இனாமாக. சிவபெருமானுக்கு இது பொறுக்கவில்லை; ஒரு பிரம்மச்சாரி வேஷத்தில், தண்டத்தில் கோவணங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒன்றை அவிழ்த்து நாயனாரிடம் கொடுத்து, "பத்திரமாக வைத்திரு, குளித்துவிட்டு வருகிறேன்" என்று போனார். வைத்தது மாயமாக மறைந்தது. வந்த பிரம்மச்சாரி குதிகுதியென்று குதித்தார். "போனதற்குச் சமமாக எடை போட்டுக் கொடு" என்று தண்டில் இருந்த இன்னொரு கோவணத்தை ஒரு தட்டில் போட்டார். நாயனார் மறுதட்டில் ஒரு கோவணத்தை வைத்தார், தட்டு அசையவில்லை. மடத்திலிருந்த கோவணத்தையெல்லாம் வைத்தார். பட்டை வைத்தார், பொன்னை வைத்தார், மணியை வைத்தார். வீடே காலியாயிற்று, தட்டு மேலேயே நின்றது. கடைசியில் மனைவி, பிள்ளையோடு தானே ஏறி உட்கார்ந்த பிறகுதான் தராசு நேரானது. மூவரும் நேரே கயிலாயம்.

அவருக்குக் கயிலாயமாவது கிடைத்தது. எனக்கு வராந்தாவில் டீ.

டீக்கு வருகிறேன் என்று சொன்னேன், வருகிறேன். ஆனால் அதற்கு முன் கோவணத்துக்காகப் பூனை வளர்த்த சாமியார் கதையை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சாமியாரின் கோவணத்தை எலி கடித்தது. எலிக்காகப் பூனை, பூனைக்குப் பாலுக்காகப் பசு, பசுவை மேய்க்க ஆள், ஆளுக்குச் சோறு பொங்க ஒரு பெண் என்று போய், சாமியார் கடைசியில் ரேஷன் கார்டு எடுக்கிற நிலைமைக்கு வந்தார். மசாஜ் நிலையமும் இந்த வழியில்தான் வளர்ந்திருக்கிறது என்பது என் ஆராய்ச்சி. வந்தவனை ஒரு கோவணத்தில் நிறுத்திவிட்டீர்கள். அவனுக்குக் கூச்சமாக இருக்கும், ஆகையால் ஒரு தனியறை. தனியறை இருட்டாக இருக்கும், ஆகையால் குத்துவிளக்கு. குத்துவிளக்கின் முன் இரண்டு பேரும் பேசாமல் நின்றால் சங்கடமாக இருக்கும், ஆகையால் புல்லாங்குழல். கோவணத்தோடு நிற்கிறவனுக்குக் குளிரும், ஆகையால் மரப்பெட்டிக்குள் கழுத்து வரை உட்காரவைத்து நீராவி. பெட்டியிலிருந்து எடுத்தால் வழவழவென்று இருப்பான், ஆகையால் சிறுபயறு மாவு. தலை ஈரத்தில் சளி பிடித்தால் கேஸ் போடுவான், ஆகையால் உச்சந்தலையில் ராஸ்னாதி சூரணம். இத்தனையும் தாண்டி உயிரோடு வெளியே வந்தவனை நேரே பில் கவுண்ட்டருக்கு அனுப்பினால் சண்டை போடுவான். ஆகையால் டீ. சாமியார் கதையில் கடைசியாக வந்த சம்சாரம் மாதிரி, இதில் கடைசியாக வருவது மூலிகை டீ.

மசாஜைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். அது நன்றாகத்தான் இருந்தது. பையன் கைக்காரன். தோளில் வைத்த கையை இடுப்பு வரை ஒரே இழுப்பில், எண்ணெய் சூடு ஆறாமல் கொண்டுபோனான். வாக்படர் அஷ்டாங்க ஹிருதயத்தில் எண்ணெய் தேய்ப்பதைத் தினசரிக் கடமையாகச் சொல்லி, தலை, காது, பாதம் மூன்றையும் விடாதே என்கிறார்; இவன் மூன்றையும் விடவில்லை. இடையிடையே "பிரஷர் ஓக்கேயா சார்?" என்று கேட்டான். விலா எலும்பு இரண்டும் கைகுலுக்கிக்கொண்ட நேரத்திலும் "சூப்பர் தம்பி" என்றுதான் சொன்னேன். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். காசு கொடுத்துப் படுத்துக்கொண்டு வலிக்கிறது என்று சொல்ல நம் வம்சத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள் திரும்பிப் படுக்கச் சொன்னான். எண்ணெய் ஊறிய உடம்போடு, எண்ணெய் ஊறிய மரத்தில், நாடா எந்த நேரமும் அறுந்துவிடும் என்ற நிலையில் ஒரு மனிதன் திரும்பிப் படுப்பதை இங்கே விவரிக்க மாட்டேன். குடும்பப் பத்திரிகை.

டீ. மண் கோப்பையில் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கோப்பை, அதிலும் முக்கால். துளசி, சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைப் புல் என்று கொண்டுவந்த பெண் ஒப்பித்தாள். தேயிலை? "இல்லை சார், ஹெர்பல்." சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலைத் தோட்டம். வண்டிப்பெரியாறு பக்கம் காரை நிறுத்தினால் தேயிலைச் செடி கண்ணாடிக்குள் தலையை நீட்டும். அந்த மலையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் ஒரு டம்ளர் நல்ல டீக்கு ஏங்க வேண்டியிருக்கிறது. குடித்தேன். நாக்குக்கு ஒன்றும் எட்டவில்லை, தொண்டைக்குக் கொஞ்சம் எட்டியது. என் மனைவி அதற்குள் இரண்டு கோப்பை முடித்துவிட்டு மூன்றாவது கேட்டு வாங்கியிருந்தாள். அவள் பில்லில் மூன்றாவது வரியே இல்லை.

"நூத்தியிருபது ரூபாய்க்கா இவ்வளவு நேரமா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

ரூபாய்க்காக இல்லை. அந்தப் பொருளைக் குப்பைத் தொட்டியில் போட்டது அவர்கள், காசு கொடுத்தது நான். வாங்கினவன் கையில் பொருள் வரவேண்டும் அல்லவா? வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் கொடுங்கள் என்று கவுண்ட்டரில் கேட்கத்தான் போனேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றிவிட்டாள். கம்பம் தாண்டும் வரை பேசவில்லை. மசாஜினால் வந்த சாந்தம் முழுதும் கூடலூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

கேரளச் சுற்றுலாத் துறை இந்த நிலையங்களுக்கு பச்சை இலை, ஆலிவ் இலை என்று தரம் பிரித்துக் கொடுத்தது. பிறகு ஆயுர் டைமண்ட், ஆயுர் சில்வர் என்றும் வந்தது. அறை, மேசை, தேய்க்கிறவரின் படிப்பு என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுக்கிறார்களாம். நல்ல காரியம். அந்த அதிகாரிகளில் யாராவது தமிழ் படிக்கிறவர் இருந்தால் அவருக்கு ஒரு விண்ணப்பம். விலையைக் குறைக்க வேண்டாம், நாடாவைக்கூட கெட்டியாக்க வேண்டாம். முன்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி மட்டும் போடச் சொல்லுங்கள்.