இருநூறு பார் மாமா

காற்றை வைத்துப் பிழைக்கிற வட்டாரம் இது. லாரி டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு ஏற்றினால் போதும், நாமக்கல்லில் கிளம்பிய வண்டி வடக்கே எங்கேயோ போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வரும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் கம்ப்ரசர் 300 பவுண்டைத் தாண்டினால் பல நூறு அடி ஆழத்துப் பாறை பொடியாகி மேலே வந்து ஊரையே வெள்ளையடிக்கும். அதே வட்டாரத்தில், வெண்ணந்தூரில், தறிச் சத்தம் கேட்கும் ஒரு மொட்டை மாடியில், லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் கைப்பம்பின் அடிக்கட்டையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு 2,900 பவுண்டு ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவர் கணக்கில் அது 200 பார். அரை கிராம் ஈயக் குண்டு ஒரு காகிதத்தில் ஓட்டை போடுவதற்கான ஏற்பாடு இவ்வளவும். காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துச் சுடும் பி.சி.பி. ஏர் ரைபிள் வைத்திருக்கும் இந்த ரகத்தாரைத் ‘துப்பாக்கிக்காரர்’ என்று ஊர் கொஞ்சம் மிரட்சியோடு சொல்கிறது. மிரள ஒன்றுமில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களிலேயே மிகக் குறைவாகச் சுடுகிறவர் இவர்தான் என்பது என் கட்சி.

முதல் சாட்சி, சட்டம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல் துளையும், குண்டு வெளியேறுகையில் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. சரி, வாங்கியாயிற்று, எதைச் சுடுவது? பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, “ஏனுங் மாமா, மயிலு கடலைக்காட்டையே கிளறிப் போட்டுருச்சுங். ஒரு சத்தம் குடுத்தீங்கன்னா போதுமுங்” என்பார். இவர் பதறிப்போய் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை ஒப்பிப்பார்: மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, சுட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. வடகத்தைக் காக்கா கொத்துகிறது என்று மனைவி கூப்பிட்டாலும் இதே பதில்தான். கடைசியில் வடகத்தைக் காப்பது, கொடியில் கட்டிய கறுப்புத் துணி. துப்பாக்கி உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.

சுட ஒன்றுமில்லாத இடத்தில் மனிதன் என்ன செய்வான்? திருகாணியைத் திருகுவான். இங்கேதான் நம் மாமாவின் உண்மையான தொழில் ஆரம்பிக்கிறது. அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இல்லாத பி.சி.பி.யில் ஒரு வினோதம் உண்டு. சிலிண்டரில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் வால்வு இறுகிக்கொள்ளும். சுத்தியல் அடித்தாலும் லேசாகத்தான் திறக்கும். குண்டு மெதுவாகப் போகும். சுடச் சுட அழுத்தம் இறங்கும், வேகம் ஏறும், உச்சிக்குப் போய்விட்டுச் சரியும். அந்த உச்சியை நீட்டுவதற்குத்தான் ரெகுலேட்டர், சுத்தியல் ஸ்பிரிங், வால்வு ஸ்பிரிங் என்று மாற்றி மாற்றித் திருகுவது. 0.547 கிராம் குண்டு நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் போனால் 19.9 ஜூல், 271 போனால் சட்டம் தாண்டிவிட்டது. அந்த ஒரு மீட்டர் இவருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. வேகம் அளக்கும் குரோனோகிராஃபை வைத்துப் பத்துக் குண்டு விடுவார், வேகங்களை நோட்டில் எழுதுவார், கால் சுற்றுத் திருகுவார், மறுபடி பத்து. குண்டு எங்கே பட்டது என்று கேட்டால் விழிப்பார், பார்க்கவில்லை.

கசிவு வந்துவிட்டாலோ அது தனித் திருவிழா. ராத்திரி 180-இல் நின்ற முள் காலையில் 165-இல் நிற்கும். காற்று நிறைந்த சிலிண்டரைக் கழற்றி, வீட்டுப் பித்தளை அண்டாவில் மூழ்கடித்து, முட்டை அடைகாக்கும் பொறுமையோடு உட்கார்ந்திருப்பார். ஓரிடத்திலிருந்து குமிழிகள் விடாமல் கிளம்பும். குற்றவாளி பிடிபட்டதும், இருக்கிற காற்றையெல்லாம் வெளியே விட்டு, பல்குத்தும் குச்சியால் பழைய ஓ-ரிங்கை நெம்பி எடுத்து, புதியதற்கு சிலிகான் கிரீஸ் தடவுவார். சாதாரண கிரீஸ் கூடாது. உயர் அழுத்தக் காற்றோடு எண்ணெய்ப் பசை சேர்ந்தால் டீசல் என்ஜினில் நடப்பது இங்கேயும் நடந்துவிடும். அதுவரை எல்லாம் சரி. பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து பம்பு அடிக்க வேண்டும். கடைசி 40 பார் ஏற உடம்பின் மொத்த எடையும் இறங்க வேண்டும் என்பதால், தொந்தி உள்ளவருக்கு அனுகூலம் தரும் ஒரே விளையாட்டு இதுதான் போலிருக்கிறது. இதில் அவருக்கு முன்னோர் உண்டு. 1779 வாக்கில் வந்த ஆஸ்திரிய ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியின் கலனை நிரப்பச் சுமார் 1,500 முறை அடிக்க வேண்டியிருந்ததாம். அந்தச் சிப்பாய்களுக்காவது எதிரே ஒரு எதிரி இருந்தான்.

போட்டியாளரும் துப்பாக்கியைத் திருத்தத்தானே செய்கிறார், இவரை மட்டும் ஏன் கேலி செய்ய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்திரா நுணுக்கம் பார்ப்பதில் யாருக்கும் குறைந்தவரில்லை. ஆனால் அவருடைய நுணுக்கம் எல்லாம் 10 மீட்டருக்கு அப்பால் இருந்த அரை மில்லிமீட்டர் புள்ளியில் போய் முடிந்தது. கடைசிக் குண்டு 10.8. போட்டித் துப்பாக்கியின் சக்தியோ எட்டு ஜூலைத் தாண்டாது. குறி பார்க்க 20 ஜூல் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நம் மாமாவிடம் இதைச் சொன்னால், “அதெல்லாம் சரிதானுங், அவரு ரெகுலேட்டரை எத்தனை பார்ல வச்சிருந்தாருங்?” என்பார்.

பணம் பாழ் என்பார் மனைவி. இதற்கு மட்டும் மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடிக்கும் சீட்டுக்கும் போகாத பணம் என்று வேண்டுமானால் ஆறுதல் படலாம். ஆனால் மனைவி பயப்படுவது போல இது முடிவில்லாத செலவு அல்ல. என்றாவது ஒருநாள் பத்துக் குண்டும் ஒரு மீட்டர் வித்தியாசத்துக்குள் வந்து நிற்கும், முள் ஒரு வாரம் அசையாது. அதோடு மாமாவுக்கு அந்தத் துப்பாக்கி சலித்துவிடும். ‘கச்சிதமான கண்டிஷன்’ என்று சொல்லி ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றுவிடுவார். வாங்கினவர் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக ரெகுலேட்டரைக் கழற்றுவார்.