பிளானில் இருக்கும் வீடு

சென்னையில் கற்பனை இலக்கியம் தேய்ந்துவிட்டது என்று யாராவது வருத்தப்பட்டால், அவர் கையில் ஓர் அப்ரூவ்டு பிளானைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். நாலு பக்கமும் காற்று புகுந்து புறப்பட இடம், கீழே தூண்களுக்கு நடுவே வரிசையாகக் கார்கள், மூலையில் மழைநீர்த் தொட்டி, வாசலில் வட்டமாக ஒரு மரம். அந்த வீட்டில் குடியிருக்க எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, அது காகிதத்தோடு நின்றுவிட்டது. நான் குடியிருப்பது அதன் பெயரில் மேற்கு மாம்பலத்தில் நிற்கும் வேறொரு கட்டிடத்தில்.

பிளானில் பக்கவாட்டில் ஐந்தடி செட்பேக். மனையில், கேஸ் போடுகிறவர் சிலிண்டரை முன்னால் உருட்டிவிட்டுப் பின்னால் ஒருக்களித்து வரும் அளவு. பிளானில் மொட்டை மாடி. மனையில் அந்த மாடிக்கு முடி முளைத்து ஓர் அறை, ஒரு கழிப்பறை, வாடகைக்கு ஒரு பேச்சிலர், அவருக்கு ஏசி. கார் நிற்க வேண்டிய இடத்தில் இஸ்திரி வண்டியும் வாட்ச்மேன் குடும்பமும். இதற்கெல்லாம் சேர்த்து 'டிவியேஷன்' என்று பெயர். "பத்து பர்சென்ட் எல்லாரும் பண்றதுதான் சார்" என்பார் பில்டர். எதில் பத்து பர்சென்ட் என்று கேட்கிறவருக்கு அவர் வீடு விற்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-லேயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. பிறகு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் என்ற சிஎம்டிஏ வந்தது. அதன் பின்னே விதிகள், விதிகளுக்குத் திருத்தங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு ஒன்றரை என்றால் அதில் 3600 சதுர அடி கட்டலாம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் அது 2 ஆனது, அதாவது 4800. எங்கள் தெருவில் பல கட்டிடங்கள் அந்த 2-ஐ எப்போதோ தொட்டுவிட்டு, விதி எப்போது வந்து சேரும் என்று வழி பார்த்துக்கொண்டிருந்தன.

மீறினால் நோட்டீஸ் வரும். வேலையை நிறுத்து என்று ஒன்று, பழையபடி ஆக்கு என்று ஒன்று, கடைசியில் பூட்டி சீல். நடுவில் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே கிரகப்பிரவேசம் நடந்து, குழந்தை பிறந்து, அதற்குக் காதுகுத்தும் நடந்த வீடுகள் உண்டு.

சீல் வைப்பதிலும் ஒரு நளினம் உண்டு. 2011-ல் தீபாவளி அக்டோபர் 26. தி.நகரில் விதிமீறிய கடைகளுக்கு சீல் விழுந்தது அக்டோபர் 31-ல், ஊரெல்லாம் துணி எடுத்து முடித்த பிறகு. அடுத்த ஜனவரியில், பொங்கலுக்கு முன், கடைகளைத் தற்காலிகமாகத் திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நடுவில் ரங்கநாதன் தெருவில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நடந்து போனதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

இடிப்பதைவிட மன்னிப்பது சுலபம் என்று அரசாங்கம் சீக்கிரமே கண்டுகொண்டது. 28.2.1999 வரை கட்டிய மீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்று ஒரு திட்டம். இந்த ஒருமுறைதான், இனிமேல் கிடையாது என்றார்கள். கெடு 2000-க்கு நகர்ந்தது, 2001-க்கு நகர்ந்தது, 2002-க்கும் நகர்ந்தது. 2006-ல் உயர் நீதிமன்றம், 1999-க்குப் பின் நீட்டியதெல்லாம் செல்லாது என்றது. 2012-ல் சட்டத்தைத் திருத்தி, 1.7.2007-க்கு முன் கட்டியவர்கள் வரலாம் என்று மறுபடி கதவைத் திறந்தார்கள். அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2017-ல். பிளான்படி கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த கூடுதல் மாடியை எண்ணி அவர் இன்னும் பெருமூச்சு விடுகிறார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மீறலை அளக்க வரும் அதிகாரியின் டேப் எதை அளக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது செட்பேக்கை அளக்கும். தூணின் வலுவை அளக்காது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைக் கொன்ற பதினோரு மாடிக் கட்டிடம் திட்ட அனுமதி வாங்கியதுதான்.

சட்டத்துக்குக் கொஞ்சமாவது பல் முளைத்தது மின்கம்பி வழியாக. பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் பெரிய கட்டிடங்களுக்கு நிரந்தர கரெண்ட் கனெக்ஷன் கிடையாது என்றானதும் பில்டர்கள் கலங்கினார்கள். எவ்வளவு நாள்தான் தற்காலிக இணைப்பின் ரேட்டைத் தாங்குவது? அப்புறம் தெளிந்தார்கள். முதலில் பிளானில் உள்ளபடியே கட்டுவது. அதிகாரிகள் வந்து அளந்து, சான்றிதழ் தந்து, மீட்டர் ஓட ஆரம்பித்த பிறகு, மிச்சக் கட்டிடத்தைக் கட்டுவது.

ஆனால் நகரத்தில் உண்மையாகவே சட்டத்தை அமல்படுத்துகிறவர் அதிகாரி அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். புகார் வந்தால்தான் ஃபைல் அசையும். புகார் கொடுப்பவரும் பெரும்பாலும் நகரமைப்பில் அக்கறை கொண்டவராக இருக்க மாட்டார். பாகப்பிரிவினையில் மனத்தாங்கலான தம்பியாக இருப்பார்.

எங்களுக்கும் அப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. பக்கத்து வீட்டுக்காரரின் சன்ஷேடு எங்கள் காம்பவுண்டு சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. மழை பெய்தால் அதன் தண்ணீர் நேராக எங்கள் மோட்டார் மேல் விழும். அசோசியேஷன் கூட்டம் கூடியது. செக்ரட்டரி நான், வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால். விதி எண்களோடு ஒரு புகார்க் கடிதம் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கீழ்வீட்டு மாமாவைத் தவிர.

"புகார் குடுத்தா ஆபீஸர் வருவார் இல்லையா?"

"கண்டிப்பா வருவார் மாமா."

"சும்மா வர மாட்டார். டேப்போட வருவார். அந்த டேப்புக்கு எது அவா சுவர், எது நம்ம சுவர்னு தெரியுமோ?"

கூட்டம் அமைதியானது. மூன்றாம் மாடிக்காரர் மேலே பார்த்தார். அந்த ஏசி அறையின் வாடகை அவருக்குத்தான் வருகிறது. இரண்டாம் மாடி மேடம், பால்கனியை அடைத்துப் பூஜையறை ஆக்கியதை எல்லோரும் மறந்துவிட வேண்டும் என்பதுபோல் வேறு பேச்சு எடுத்தார். நான் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். மினிட்ஸ் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: "சன்ஷேடு குறித்து விவாதிக்கப்பட்டது. மோட்டாருக்கு ஒரு மூடி வாங்கத் தீர்மானிக்கப்பட்டது."

சென்னையின் தெருக்களில் நிலவும் அமைதிக்கு இதுதான் அடிப்படை. அவர் மீறல் நமக்குத் தெரியும், நம் மீறல் அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் காலையில் பால் வாங்கும்போது சிரித்துக்கொள்வோம்.

2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வேறு. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுகிறவர், விதிப்படிதான் கட்டுவேன் என்று தானே உறுதி கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி பெறலாம். அலைச்சல் மிச்சம் என்பதால் நான் இதை ஆதரிக்கிறேன். மனிதர்களை நம்ப வேண்டும் என்ற கொள்கையும் உயர்ந்ததுதான். ஆனால் எங்கள் தெருவை நன்றாகத் தெரிந்த யாரும் அதை வகுத்திருக்க முடியாது.

போன வாரம் சன்ஷேடு வீட்டுக்காரர் மொட்டை மாடியில் இரும்புத் தூண் நட்டுத் தகர ஷெட் போட்டார். வெல்டிங் பொறி எங்கள் பக்கம் தெறித்தது. கேட்கலாம் என்று நான் மாடிக்குப் போவதற்குள் அவரே சுவரோரம் வந்துவிட்டார்.

"சார், நீங்களும் போட்டுக்குங்க. வெயில் தாங்கல. ரெண்டு மாடியும் சேர்த்துன்னா ஷெட்காரர் ஸ்கொயர் ஃபீட்டுக்கு இருபது ரூபா குறைக்கிறேன்றாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்திருக்கிறேன்.